கைக்குட்டை இருக்கா?

தம்பி, தங்கைகளே, தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளை ஏறும்போது கவனிச்சிருக்கீங்களா? எல்லார் கையிலும் டிஸ்யூ. வியர்த்த நெற்றியைத் துடைத்தால் அது பிய்ந்து திருநீற்றோடு ஒட்டிக்கொள்ளும். மறுநாள் துப்புரவுப் பணிக்குப் போன பிள்ளைகளைக் கேளுங்க: ஈர டிஸ்யூ விளக்குமாற்றுக்கு வராது, குனிந்து விரலால்தான் பொறுக்கணும்.

டிஸ்யூ முதலில் மூக்கு துடைக்க வந்ததே இல்லை. 1924-இல் அமெரிக்காவில் க்ளீனெக்ஸ், முகப்பூச்சைத் துடைத்தெடுக்கத்தான் விற்பனைக்கு வந்தது. 1930 வாக்கில்தான் தூக்கி எறியும் கைக்குட்டை என்று விளம்பரம் மாறியது.

என் பாட்டி கைக்குட்டையின் ஒரு முனையில் உண்டியல் சில்லறையை முடிந்து கோயிலுக்குப் போவார். திரும்பும்போது இன்னொரு முனையில் திருநீறு இருக்கும். அந்த முடிச்சை அவிழ்த்து எங்கள் நெற்றியில் பூசும்வரை வீட்டில் யாரும் சாப்பிட மாட்டோம். டிஸ்யூவில் முடிச்சு போட முடியுமா?

"அழுக்காச்சே" என்பீர்கள். மூன்று நாள் ஒன்றையே வைத்திருந்தால் அழுக்குதான். பையில் இரண்டு வையுங்க. வியர்வைக்கு ஒன்று, கை துடைக்க ஒன்று. தினமும் துவைத்து வெயிலில் காயப்போடணும். சளி, காய்ச்சல் வந்தால் டிஸ்யூவே நல்லது, உடனே குப்பைத்தொட்டியில் போட்டுடுங்க.

வாங்கும்போது பருத்தியா என்று பாருங்க. புதுசை ஒரு தடவை துவைச்சிடுங்க, கஞ்சி போனால்தான் ஈரத்தை நல்லா இழுக்கும்.