ஆயில் கேட்ச் கேன் பொருத்துவோர் கவனத்திற்கு

பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே கிராங்க் அறைக்குள் கசியும் வாயு, ஆயிலின் நுண்துளிகளையும் சுமந்துகொண்டு பி.சி.வி. வால்வு மார்க்கமாக மீண்டும் காற்றுப் பாதைக்கே திரும்புகையில், பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களில், இன்டேக் வால்வுகளைக் கழுவிவிட எரிபொருள் அவ்வழியே வராத காரணத்தினால், நாளடைவில் கரி கெட்டியாகப் படிந்துவிடுகிறது. இதைக் குறைக்கும் சாதனமே, பி.சி.வி. வால்வுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் மத்தியில் வைக்கப்படும் கேட்ச் கேன்.

எஞ்சின் பூரணமாகக் குளிர்ந்த பிறகே வேலையை ஆரம்பியுங்கள். எக்ஸாஸ்ட் உஷ்ணம் அண்டாத இடத்தில் கேனைப் பிராக்கெட்டோடு இறுக்கி, வால்விலிருந்து வரும் ஹோஸை 'இன்' முனையிலும், மேனிஃபோல்டுக்குச் செல்வதை 'அவுட்' முனையிலும் மாட்டிக் கிளாம்ப் போடுங்கள். ஹோஸ் விஷயத்தில் சிக்கனம் பாராட்டுவது அனர்த்தம்: சாதாரணத் தண்ணீர் ஹோஸ் ஆயிலில் ஊறித் தளர்ந்து, உறிஞ்சும் விசையில் சப்பையாக ஒட்டிக்கொண்டால், கிராங்க் அறையில் அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் கசியத் தொடங்கும். உட்புறத்தில் தடுப்புத் தகடோ கம்பி வலையோ அற்ற வெறும் டப்பாவை வாங்குவதும் வீண் செலவே. பொருத்தியபின் எஞ்சினை ஓடவிட்டு, இணைப்புகளில் சீறல் ஒலி எழுகிறதா என்று செவிமடுங்கள்.

கேனின் அடியில் சேரும் பழுப்பு நிறக் கசடு ஆயிலும் நீரும் பெட்ரோலும் கலந்தது. நிரம்புமுன் வடித்து, எஞ்சினில் மீண்டும் ஊற்றாமலும் சாக்கடையில் கொட்டாமலும், கழிவு ஆயிலோடு சேர்த்து ஒப்படையுங்கள்.