ஹாருன் ஹமீதின் ஒரு கோல்

கேள்வி: பாகிஸ்தான் நடுக்கள ஆட்டக்காரர் ஹாருன் ஹமீதை அந்நாட்டு ரசிகர்கள் இவ்வளவு கொண்டாடுவது ஏன்?

பதில்: 1989ஆம் ஆண்டு முதல் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுகளில் ஒரு ஜயத்தையேனும் காணாமலும், நிர்வாகச் சச்சரவுகளின் விளைவாக 2017இலும் 2021இலும் ஃபிஃபாவின் தடைக்கு ஆளாகியும் சோர்ந்து கிடந்த ஒரு தேசத்தின் கால்பந்துக்கு, லண்டன் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகத்தின் இளைஞர் அணியில் பயின்ற இவ்வாலிபர், 2023 அக்டோபர் 17 அன்று இஸ்லாமாபாத் ஜின்னா மைதானத்தில், கம்போடியாவுக்கு எதிராக இரண்டாம் பாதியில் அடித்த ஒரே கோலால் பிராண வாயு அளித்தார். உள்ளூர் லீக் ஆட்டங்கள்கூட ஒழுங்காக நடைபெறாத நாட்டில் அது எத்தகைய ஆனந்தம்! அடுத்த சுற்றில் ஆறு ஆட்டங்களிலும் தோல்வியே கிட்டியது மெய்தான். எனினும், அந்நாட்டின் முதல் தகுதிச்சுற்று வெற்றி ஹமீதின் கோலால் வந்தது.