கால்நடை ஹஜ்ஜில் நோய் கண்டால்

மக்காவிலிருந்து மினா, அரஃபா, முஸ்தலிஃபா எல்லாவற்றுக்கும் நடந்தே சென்று ஹஜ்ஜை நிறைவேற்ற வேண்டும் என்று ஆவல் கொள்வோர் நம்மில் உண்டு. நல்ல ஆவல்தான். திருமறையின் ஹஜ் சூரா 27ஆம் ஆயத்தில், நடந்து வருவோரும் மெலிந்த ஒட்டகங்களில் ஏறி வருவோரும் சேர்த்தே சொல்லப்பட்டுள்ளனர். ஆனால் மக்காவுக்கும் அரஃபாவுக்கும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தூரம். வெயிலோ நம் ஊர் வெயிலன்று. ஹிஜ்ரி 1445இல் (2024) ஹஜ்ஜின்போது 1,301 பேர் மவ்த்தானதாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் அனுமதியின்றி வந்து, நிழலும் தங்குமிடமுமின்றிக் கடும் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள்.

இருவர் சேர்ந்து நடக்கையில் ஒருவருக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ தலைச்சுற்றலோ கண்டால், அவர் கூட வந்தவருக்கு இடைஞ்சலாகி விடுவோமே என்று அதை மறைக்கிறார். கூட வந்தவரோ, இவரை வாகனத்தில் ஏற்றினால் இவருடைய நன்மை குறைந்துவிடுமோ என்று தயங்குகிறார். இரண்டும் மார்க்கம் அறியாமையால் வருவன.

முதியவர் ஒருவர் தம் இரு புதல்வர்களின் தாங்கலில் தள்ளாடி நடந்து வரக் கண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காரணம் கேட்டார்கள். நடந்து செல்ல நேர்ச்சை செய்தாராம். அவர் தம்மை வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று சொல்லி, வாகனத்தில் ஏறும்படி ஏவினார்கள். இதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நேர்ச்சை செய்தவருக்கே இப்படியென்றால், வெறும் ஆசையால் நடப்பவரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

எல்லாவற்றிலும் முக்கியம் அரஃபா. 9ஆம் நாள் சூரியன் உச்சி சாய்ந்தது முதல் 10ஆம் நாள் ஃபஜ்ரு உதயமாகும் வரை, அந்த எல்லைக்குள் சிறிது நேரம் இருந்தாலே வுகூஃப் நிறைவேறும். வாகனத்தில் படுத்திருந்தாலும், உறங்கினாலும் கூடும். ஆனால் அந்நேரம் முழுவதும் மயக்கத்திலேயே கிடந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் கூடாது. ஹனஃபீ மத்ஹபில் கூடும். ஆகவே, நோயாளி நினைவு தப்பும்வரை காத்திராமல், தெளிவாக இருக்கும்போதே அவரை வாகனத்தில் ஏற்றிவிடுவது துணைவரின் பொறுப்பு.

காய்ச்சல் கண்ட ஆணின் தலையில் தண்ணீர் ஊற்றுவதற்கும், தலையில் படாமல் குடை பிடிப்பதற்கும் இஹ்ராமில் தடையில்லை. ஈரத்துண்டைத் தலையில் போர்த்தினால் ஃபித்யா உண்டு: ஓர் ஆடு, அல்லது ஆறு ஏழைகளுக்கு உணவு, அல்லது மூன்று நோன்பு. ஹுதைபிய்யாவில் கஅப் இப்னு உஜ்ரா (ரலி) அவர்கள் பேன் தொல்லையால் தலைமுடி சிரைக்க நேர்ந்தபோது இறங்கிய சட்டம் இதுவே. தேவைக்காகப் போர்த்தியவர் மீது குற்றமில்லை. ஃபித்யாவுக்கு அஞ்சி உயிரோடு விளையாடுவது பக்தியன்று.

கல்லெறிய முடியாதவருக்காகத் துணைவர் எறியலாம். ஆனால் தமக்குரியதை எறிந்த பிறகே அவருக்காக எறிய வேண்டும்.

நோயாளிகள் இஹ்ராம் கட்டும்போதே, நோய் தடுக்கும் இடத்தில் இஹ்ராமைக் களைவேன் என்று நிபந்தனை வைத்துக்கொள்வது நல்லது. ளுபாஆ (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இதைக் கற்றுக் கொடுத்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இது செல்லும். ஹனஃபீகள் தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். இந்த நிபந்தனையைக் கூட வருபவரிடமும் புறப்படுமுன் சொல்லி வைக்க வேண்டும்.