வைக்கோல் ஏன் அடைத்துக்கொள்கிறது?



அறுவடைக் காலத்தில் செகிஞ்சானுக்கோ கெடாவுக்கோ சென்றவர்கள் வயலில் ஊர்ந்து செல்லும் பெரிய அறுவடை இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அது நெற்பயிரை அறுத்து, நெல்மணியைப் பிரித்து, தன் தொட்டியில் சேர்க்கிறது. மீதமாகும் வைக்கோல் பின்பக்கமாக வெளியேறுகிறது. சில இயந்திரங்கள் அதை வெட்டாமல் வரிசையாக விட்டுச் செல்லும். வேறு சிலவற்றில் வைக்கோலைத் துண்டாக்கும் வெட்டியும், அந்தத் துண்டுகளை வயலெங்கும் வீசும் பரப்பியும் இருக்கும்.

வைக்கோல் சீராகப் பரவினால் மண்ணோடு கலந்து மட்கும். குவியலாக விழுந்தால் அடுத்த உழவில் சிக்கும். அதன் அடியில் விதை சரியாக முளைக்காது. குவியலை எரித்தால் புகை சூழும். ஆண்டுக்கு இருமுறை நெல் விளையும் வட்டாரங்களில் அடுத்த பருவத்திற்கு நிலத்தைத் தயார் செய்யக் கிடைக்கும் காலமும் குறைவு. ஆகவே, வெட்டியும் பரப்பியும் அடைத்துக்கொண்டால் விவசாயிக்கு இழப்புதான்.

அடைப்பு எப்படித் தொடங்குகிறது?

ஒரு கணக்கைப் பார்ப்போம். வெட்டிக்குள் ஒரு வினாடிக்கு 4 கிலோகிராம் வைக்கோல் நுழைகிறது; 3 கிலோகிராம் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தே வினாடிகளில் 10 கிலோகிராம் உள்ளே தேங்கிவிடும். உள்ளே வரும் அளவு வெளியேறும் அளவைவிட மிகும்போதுதான் அடைப்பு உண்டாகிறது.

வெளியேறும் அளவு ஏன் குறைகிறது? மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, ஈரம். காய்ந்த லாலாங் புல்லை வளைத்துப் பாருங்கள், ஒடிந்துவிடும். பச்சைப் புல் ஒடியாமல் வளையும். பனியிலும் மழையிலும் நனைந்த வைக்கோலும் அப்படித்தான். வெட்டுப்படாத நீண்ட தாள்கள் சுழலும் தண்டில் கயிறுபோல் சுற்றிக்கொள்ளும்.

இரண்டாவது, மழுங்கிய கத்தி. அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்து வருவது. கூரான கத்தியின் விளிம்புப் பரப்பு மிகச் சிறியது. அதனால் அழுத்தம் அதிகம். கத்தி மழுங்கினால் அதே விசை வைக்கோலை வெட்டாமல் நசுக்கும். நெல் வைக்கோலில் சிலிக்கா நிறைய உண்டு. மணலிலும் கண்ணாடியிலும் உள்ள பொருள்தான் இது. எனவே, நெல் அறுக்கும் இயந்திரத்தில் கத்திகள் விரைவில் தேயும்.

மூன்றாவது, வேகக் குறைவு. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வெட்டியின் வேகம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகிவிடும். வைக்கோல் சேரச் சேர வேகம் குறையும். வேகம் குறையக் குறைய இன்னும் வைக்கோல் சேரும். தளர்ந்த பெல்ட் வழுக்கினாலும் இதே கதைதான்.

தடுப்பது எப்படி?

பயிர் அடர்த்தியாகவோ ஈரமாகவோ இருந்தால், ஓட்டுநர் இயந்திரம் முன்னே செல்லும் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆனால், என்ஜினின் சுழற்சி வேகத்தைக் குறைக்கக் கூடாது. முன்னோக்கிய வேகம் குறைந்தால் உள்ளே வரும் வைக்கோல் குறையும். கத்திகளோ முழு வேகத்தில் சுழன்று அதை வெளியேற்றும். இரண்டையும் சேர்த்துக் குறைத்தால் அடைப்பு நீங்காது.

பனி காய்ந்த பிறகு அறுவடையைத் தொடங்குவது நல்லது. நாள்தோறும் கத்திகளின் கூர்மையையும் பெல்ட்டின் இறுக்கத்தையும் பார்க்க வேண்டும். தண்டில் சுற்றிய வைக்கோலை வேலை முடிந்ததும் அகற்ற வேண்டும். சூடான என்ஜின் பகுதிகளின் அருகே காய்ந்த வைக்கோல் தேங்கினால் தீப்பிடிக்கவும் கூடும்.

கை பத்திரம்!

0.25 மீட்டர் ஆரமுள்ள வெட்டி ஒன்று நிமிடத்திற்கு 3,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஒரு சுற்றில் கத்தியின் முனை ஏறத்தாழ 1.57 மீட்டர் நகரும். வினாடிக்கு 50 சுற்று என்றால் 78.5 மீட்டர். அதாவது மணிக்கு 280 கிலோமீட்டருக்கும் அதிகம்!

என்ஜினை நிறுத்தினாலும் நிலைமத்தால் கத்திகள் சிறிது நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். அடைப்பை நீக்கும்போது என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, கத்திகள் முற்றிலும் நின்றனவா என்று கண்ணால் பார்த்த பிறகே அருகில் செல்ல வேண்டும். அப்போதும் கையை விடாமல் கொக்கியால் இழுப்பதே பாதுகாப்பு. இறுகி நின்ற பெல்ட், அடைப்பு விடுபட்டதும் கத்தியைத் திடீரென அசைக்கக்கூடும். சில நிமிடங்களை மிச்சப்படுத்த நினைத்து விரல்களை இழந்தால் அவை திரும்ப வருமா?

சிந்தித்து விடை காண்க

1. வெட்டியின் வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் அதன் இயக்க ஆற்றல் எத்தனை பங்காகும்?
2. வினாடிக்கு 5 கிலோகிராம் நுழைந்து 4.5 கிலோகிராம் வெளியேறினால், ஒரு நிமிடத்தில் எவ்வளவு வைக்கோல் தேங்கும்?
3. உங்கள் வீட்டு மின்விசிறியை நிறுத்தியதும் அது ஏன் உடனே நிற்பதில்லை?