திரும்பும்போது ஒலிக்கும் கார்

மாட்டு வண்டியின் அச்சு கிறீச்சிட்டால் மை வற்றிவிட்டது என்பதை நம் உழவர்க்கு ஒருவர் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் காரைத் திருப்பும்போது முன்சக்கரத்தருகே ‘டக், டக்’ என்று ஒலித்தால், ‘ஓடத்தானே செய்கிறது’ என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். இன்று சிற்றூர்களிலும் கார்கள் பெருகிவிட்டன. நள்ளிரவில் பிரசவ வேதனைப்படும் பெண்ணை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வதும் பல வேளைகளில் பக்கத்து வீட்டுக் காரே. ஆகவே இவ்வொலியின் பொருளை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

முதற்கண் செலவில்லாச் சோதனை ஒன்றைச் செய்வோம். அண்மையில் டயரைக் கழற்றி மாட்டியிருந்தால் சக்கர நட்டுகள் தளர்ந்திருக்கக் கூடும். அவற்றை முறையாக இறுக்கிய பின்னரே மற்றவற்றை ஆராய வேண்டும்.

அம்பாசிடர் காரில் பின்சக்கரங்களே வண்டியை உந்தின. முன்சக்கரங்களுக்குத் திரும்புவது ஒன்றே வேலை. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 முதலாக, முன்சக்கரங்கள் இழுக்கும் கார்கள் நம் நாட்டில் பரவலாயின. இவற்றில் முன்சக்கரம் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே செய்வதற்காக அச்சுத்தண்டின் நுனியில் ஒரு மூட்டு அமைந்துள்ளது. பட்டறைகளில் இதனைச் ‘சி.வி. ஜாயிண்ட்’ என்பர். இதனுள் பொதுவாக ஆறு எஃகுக் குண்டுகள், அவற்றுக்கென வெட்டிய பள்ளங்களில் உருள்கின்றன. கிரீஸ் நிறைந்த இம்மூட்டைத் துருத்தி போல மடிப்பு மடிப்பான ரப்பர் உறை ஒன்று மூடியிருக்கிறது.

கேடு தொடங்குவது இவ்வுறையில்தான். ரப்பர் நாட்பட்டு வெடிக்கிறது. சில வேளை கல்லோ முள்ளோ கிழித்துவிடுகிறது. சக்கரம் சுழலச் சுழலக் கிரீஸ் தெறித்து வெளியேறும். வயற்சேறும் மணலும் உள்ளே புகும். பின்னர்க் குண்டுகள் தேய்ந்து, பள்ளங்களில் குழி விழுகிறது. நேரே செல்கையில் ஒன்றும் கேளாது. சக்கரத்தை முழுதும் ஒடித்துத் திருப்பும்போது குண்டுகள் அக்குழிகளில் ஏறி இறங்குவதால் ‘டக், டக்’ என்ற ஒலி எழுகிறது. வண்டியின் வேகம் கூடினால் ஒலியும் விரைந்து வரும். இதுவே இந்நோயின் அடையாளம்.

காரை ஆளில்லாத களத்திற்குக் கொண்டு சென்று, ஸ்டியரிங்கை முழுதும் இடப்புறம் ஒடித்து மெதுவாக வட்டமிடச் செய்க. பின்னர் வலப்புறமும் அவ்வாறே. பெரும்பாலும் வட்டத்தின் வெளிப்புறத்துச் சக்கரத்தின் மூட்டே ஒலிக்கும். செவியை மட்டும் நம்பாமல் சக்கரத்தின் உட்புறத்தையும் கண்ணால் பார்த்தல் வேண்டும். உறை கிழிந்து, விளிம்பிலும் டயரிலும் கரிய கிரீஸ் சிதறியிருந்தால் ஐயத்திற்கு இடமில்லை.

உறை கிழிந்தும் ஒலி இன்னும் தொடங்காதிருந்தால் நற்காலமே. மூட்டைக் கழற்றிக் கழுவி, இம்மூட்டுக்கே உரிய மாலிப்டினம் கலந்த கிரீஸை இட்டுப் புதிய உறை மாட்டினால் போதும். ஒலி தொடங்கிவிட்ட மூட்டுக்குப் புதுக் கிரீஸ் மருந்தாகாது. விழுந்த குழி நிரம்பாது. மூட்டையோ, அச்சுத்தண்டு முழுவதையுமோ மாற்றியே தீர வேண்டும். உறைக்கு ஆகும் செலவு இதனோடு ஒப்பிட மிகச் சிறிது. தண்டை உருவும்போது கியர் எண்ணெய் ஒழுகுமாதலால், அதனை அளவறிந்து மீண்டும் நிரப்பினார்களா என்று கேட்டுக்கொள்க.

திரும்பும்போது எழும் ஒலியெல்லாம் இம்மூட்டினுடையதன்று. வண்டி நின்றிருக்கையிலேயே ஸ்டியரிங்கைத் திருப்பினால் ‘டொக்’ என்று விட்டுவிட்டு ஒலிக்கிறதா? ஷாக் அப்சார்பரின் மேல்முனையிலுள்ள பேரிங் இறுகியிருக்கலாம். அப்போது சுருள்வில் முறுக்கேறி, திடீரென விடுபட்டுத் துள்ளுகிறது. ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, மற்றவர் சுருள்வில்லின் வெளிப்புறத்தில் உள்ளங்கையை மெல்ல வைத்தால் அத்துள்ளல் தெரியும். சுருள்களுக்கிடையே விரலை நுழைத்தல் கூடாது.

இவற்றினும் அஞ்சத்தக்கது பால் ஜாயிண்ட் என்னும் கீழ்மூட்டின் தேய்வு. சி.வி. ஜாயிண்ட் முறிந்தால் பெரும்பாலும் வண்டி நின்றுபோகும். பால் ஜாயிண்ட் கழன்றாலோ சக்கரமே மடிந்து வண்டி கட்டுக்கடங்காமற் போகும். மேடு பள்ளத்திலும் திருப்பத்திலும் ‘டொக்’ என்ற ஒலி, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தல், டயர் ஓரமாகத் தேய்தல் ஆகியவை இதன் குறிகள். முன்சக்கரத்தைத் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுக. ஆட்டம் கண்டால் பால் ஜாயிண்டோ சக்கர பேரிங்கோ தேய்ந்துள்ளது. இரு பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராட் முனையை ஐயுறலாம். இவற்றுள் எதில் ஆட்டம் கண்டாலும், மாற்றும் வரை ஆளேற்றி ஓட்டலாகாது. மாற்றிய பின் சக்கர அலைன்மென்ட்டைச் சரிபார்க்க வேண்டும். இல்லையேல் புது டயரும் விரைவில் தேயும்.

தூக்கிப் பார்ப்பதிலும் எச்சரிக்கை தேவை. சமதரையில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக் இட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை நீட்டுதல் ஆகாது. உறுதியான தாங்கி கொடுத்தல் வேண்டும். செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் திடீரென நொறுங்கிவிடும்.

ஒலி கேட்டவுடன் ஷாக் அப்சார்பர்களை மாற்றச் சொல்லும் பட்டறைகளும் உண்டு. எந்த உறுப்பு தேய்ந்தது என்று காட்டச் சொல்லி, கழற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமை உடையவர்க்கு உண்டு. பழைய கார் வாங்கப் போவோரும் விலை பேசுமுன் இருபுறமும் ஒருமுறை வட்டமிட்டுப் பார்த்து, முன்சக்கரங்களுக்குப் பின்னே குனிந்து, அந்த ரப்பர் உறை இரண்டையும் விளக்கொளியில் நோக்குவார்களாக.