வீட்டை ஒதுக்குங்கள், வேலை ஓடும்

உக்குவளையில் பல வீடுகளில் குடித்தனமும் தொழிலும் ஒரே கூரையின் கீழ்தான் நடக்கின்றன. முற்றத்தில் மிளகு காய்கிறது. முன் அறையில் தையல் மெசின் ஓடுகிறது. மெசினுக்குப் பக்கத்து மேசையில் பின்னேரம் டியூஷன் வகுப்பு. எல்கடுவைப் பக்கம் தோட்டத்து லயங்களுக்குப் போனால் இடம் இன்னும் சுருங்கிவிடும். ஒரு காம்பிரா, ஓர் இஸ்தோப்பு, அதற்குள் இரண்டு மூன்று தலைமுறை. இப்படிப்பட்ட வீட்டில் கத்தரிக்கோல் காணாமல் போனால் கத்தரிக்கோல் மட்டுமா போகிறது? உடுப்புக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு, தேடுகிற நேரம் முழுவதும் கையை விட்டுப் போன காசு.

ஆகவே வீட்டை ஒதுக்கி வைப்பதைத் தொழில் திறமைகளில் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். நாம் அதைப் பெருநாள் வேலையாக வைத்திருக்கிறோம். தீபாவளி வந்தால், நோன்புப் பெருநாள் வந்தால், சித்திரைப் புத்தாண்டு வந்தால் வீட்டையே வெளியே எடுத்துக் கழுவிக் காயவைத்து உள்ளே வைப்போம். இரண்டு கிழமையில் பழையபடி ஆகிவிடும். உழைப்பில் குறை இல்லை. பொருளுக்கு இடம் குறிக்காததும், அதைக் காப்பதற்கு ஆளும் நேரமும் ஒதுக்காததும்தான் குறை.

இந்த இரண்டையும் சரிசெய்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் 2000ஆம் ஆண்டு டொக்டர் விமல் கரந்தகொட பணிப்பாளராக இருந்தபோது, ஜப்பானியத் தொழிற்சாலைகளில் வளர்ந்த ‘ஐந்து எஸ்’ முறையைக் கொண்டுவந்தார். வேண்டாத சாமானை அகற்றுவது, மீதிக்கு இடம் குறித்துப் பெயர் ஒட்டுவது, துப்புரவாக வைப்பது என்று தொடங்கினார்கள். புதுக் கட்டடத்துக்கோ புது இயந்திரத்துக்கோ அவர்கள் காத்திருக்கவில்லை. அந்த அனுபவம் எவ்வளவு தூரம் போனது தெரியுமா? 2007 முதல் ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் அதையே முன்மாதிரியாக எடுத்து, தன்சானியா, உகண்டா, கென்யா போன்ற ஆபிரிக்க நாடுகளின் வைத்தியசாலைகளுக்குக் கற்றுக்கொடுத்தது. ஏழை நாட்டு அரச வைத்தியசாலை ஒன்று கற்றுக்கொண்டதை மற்ற ஏழை நாடுகளும் கற்றுச் செய்தன. இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம்.

ஐந்து எஸ் என்பவை செய்ரி, செய்தோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்ற ஐந்து ஜப்பானியச் சொற்கள். வேண்டியதையும் வேண்டாததையும் பிரித்தல், வேண்டியதை அதனதன் இடத்தில் வைத்தல், துப்புரவாக்கல், அதற்கு ஒரு நியமம் வகுத்தல், சொல்லாமலே செய்யும் அளவுக்குப் பழகல். பல கந்தோர்ச் சுவர்களில் இந்தப் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். முதல் மூன்றும் ஒரு நாள் சிரமதானத்தில் முடிந்துவிடும். கடைசி இரண்டும்தான் வேலை.

பிரிப்பதில் தொடங்குவோம். தொழிற்சாலைகளில், தேவையா இல்லையா என்று தெரியாத பொருளுக்குச் சிவப்பு அட்டை கட்டி, திகதி எழுதி, ஒரு பக்கமாக வைத்துவிடுவார்கள். குறித்த காலத்துக்குள் யாரும் அதைத் தேடி வராவிட்டால் அது வெளியே போகும். வீட்டிலும் இதைச் செய்யலாம். சந்தேகமான சாமானை எல்லாம் ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, திகதி எழுதிய சிவப்புத் துணித்துண்டு ஒன்றை முடிந்து வையுங்கள். மூன்று மாதம் சாக்கு அவிழவில்லை என்றால் பாவிக்கக்கூடியதை யாருக்காவது கொடுங்கள், மீதியைப் போத்தல், பழைய இரும்பு எடுக்கிறவரிடம் போடுங்கள். இன்றைக்கே முடிவெடு என்று மனதை நெருக்குவதைவிட இது நல்ல வழி. ஒரு நிபந்தனை மட்டும்: அவரவர் பொருளை அவரவரே பிரிக்க வேண்டும். அப்பாயியின் டிரங்குப் பெட்டியை அவரைக் கேட்காமல் தொடாதீர்கள். அடுத்தவர் சாமானைக் குப்பை என்று சொல்வது சுலபம். அதில் தொடங்கும் சண்டை, ஒதுக்கும் வேலையையே நிறுத்திவிடும்.

ஜப்பானின் மரியே கொண்டோ அறை அறையாக வேண்டாம், வகை வகையாகப் பிரியுங்கள் என்று சொல்லி உலகப் புகழ் பெற்றவர். முதலில் உடுப்பு, பிறகு புத்தகம், பிறகு காகிதங்கள், மற்றச் சாமான், கடைசியில் நினைவுப் பொருட்கள். வகையாகப் பிரிப்பது சரியான யோசனைதான். ஒரே மாதிரியான நான்கு டோர்ச் லைட் நான்கு மூலையில் கிடப்பது அப்போதுதான் கண்ணில் படும். ஆனால் எல்லா உடுப்பையும் ஒரே குவியலாகப் போட லயக் காம்பிராவில் நிலம் எங்கே இருக்கிறது? நம் வீடுகளுக்கு வகைக்குள் வகை பிரித்து, இன்று பிள்ளைகளின் பள்ளி உடுப்பு, நாளை மலைக்குக் கட்டிப்போகும் படங்கும் கம்பளியும் என்று போவதே நடக்கிற காரியம். கொண்டோவும் மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு முன்போல ஒதுக்கி வைக்க முடியவில்லை என்று 2023இல் வெளிப்படையாகவே சொன்னார். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கண்ணாடி போன்ற ஒழுங்கை எதிர்பார்க்காதீர்கள். தேடாமல் எடுக்க முடிந்தால் அதுவே போதும்.

அடுத்தது இடம். இதைத் தையல் மெசினை வைத்தே காட்டுகிறேன். மெசினுக்கு முன்னால் உட்கார்ந்து வலது கையை நீட்டுங்கள். விரல் படுகிற உயரத்தில் சுவரில் ஓர் ஆணி அடித்துக் கத்தரிக்கோலை மாட்டுங்கள். இப்போது பென்சிலால் அதன் உருவத்தைச் சுற்றிச் சுவரில் வரையுங்கள். கத்தரிக்கோல் இல்லாத நேரத்தில் அந்த வெற்று உருவம் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். எடுத்தவர் யாராக இருந்தாலும் எங்கே கொண்டுவந்து மாட்டுவது என்று கேட்கத் தேவையில்லை. பெரிய பட்டறைகளில் ஸ்பேனர், சுத்தியலுக்குச் செய்வதும் இதேதான். கவ்வாத்துக் கத்திக்கும் மம்மட்டிக்கும் வீட்டுப் பின்சுவரில் இப்படி இடம் குறித்தால், கத்தி பிள்ளை கைக்கு எட்டாத உயரத்திலும் இருக்கும்.

ஊசிக்குத் தனிக் கவனம் வேண்டும். ஏற்றுமதிக்குத் தைக்கும் காமன்ட்களில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டு அத்தனையையும் தேடி எடுத்து ஒப்படைத்த பிறகுதான் புது ஊசி கொடுப்பார்கள். குழந்தை உடுப்பில் ஒரு துண்டு தங்கினால் என்ன ஆகும் என்பதுதான் காரணம். வீட்டிலும் ஒரு மூடிபோட்ட டப்பாவில் உடைந்த ஊசியைப் போட்டு, துண்டு குறைந்தால் தேடிவிட்டுத்தான் மீண்டும் மெசினை மிதிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளை காமன்டில் வேலைக்குப் போகும் பெண்பிள்ளைக்கு இது முதல் நாளே தெரிந்திருக்கும். நேர்முகப் பரீட்சையில் ‘ஐந்து எஸ் தெரியுமா’ என்று கேட்டால் ஐந்து சொல்லை ஒப்பிப்பதைவிட, ‘என் மெசினில் இப்படிச் செய்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பதிலுக்கு எடை அதிகம்.

வாசனைத் திரவியங்கள் வைத்திருக்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. மிளகும் கராம்பும் பக்கத்தில் இருக்கும் வாடையை இழுத்துக்கொள்ளும். உரப்பை, மண்ணெண்ணெய்க் கேன், களைகொல்லிப் போத்தல் இருக்கும் மூலையில் அந்தச் சாக்கை வைத்தால் விலை பேசும்போது அடி விழும். மிளகை வெறும் மண்ணில் கொட்டாமல் படங்கிலோ பாயிலோ பரப்பி, ஈரம் நூற்றுக்கு 12 அளவுக்கு இறங்கும்வரை காயவைத்து, நிலத்தில் படாமல் பலகைக்கு மேலே, சுவரில் சாயாமல் அடுக்குங்கள். பழைய சாக்கு முன்னால், புதுச் சாக்கு பின்னால். மேற்கொண்டு விவரம் வேண்டுமானால் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் கேட்காமல் விடுவது நமக்குத்தான் நட்டம்.

எல்லாவற்றிலும் முக்கியமானதாக நான் கருதுவது காகிதங்களை. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, க.பொ.த. சான்றிதழ்கள், காணி உறுதி, வங்கிப் புத்தகம், ஊழியர் சேமலாப நிதியின் பீ காட். இவை அலுமாரி லாச்சியில், சாமிப் படத்துக்குப் பின்னால், மெத்தைக்கு அடியில் என்று சிதறித்தான் கிடக்கின்றன. வேலைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளில் ஒன்று கிடைக்காது. வெளிநாடு போகிறவருக்கு இன்னும் மோசம்.

ஒரு நாள் எல்லாவற்றையும் பாயில் பரப்புங்கள். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதில் போடுமுன் ஒவ்வொரு காகிதத்திலும் உள்ள பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தோட்டங்களில் இதுவொரு பழைய துயரம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், சேமலாப நிதிப் பதிவில் வீட்டில் கூப்பிடும் பெயர். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8, தொழில் கொடுப்பவர் 12 என்று மாதா மாதம் சேர்ந்த பணம் அது. ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் எடுக்க உரிமை உண்டு. வாழ்நாள் உழைப்பு முழுவதும் சேர்ந்திருக்கும் அந்தப் பணத்தை, பெயரில் ஓர் எழுத்து மாறியதற்காக எடுக்க முடியாமல் வயதான காலத்தில் பஸ் ஏறி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். இது அநியாயம். ஐம்பது வயதில் கண்டுபிடிப்பதைவிட முப்பது வயதில் கண்டுபிடித்தால் திருத்த நேரம் இருக்கும்.

அந்த ஃபைல்களை எல்லாம் ஒரே பையில், தண்ணீர் புகாத பொலித்தீனில் சுற்றி, கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். கடும் மழை பெய்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையில் உக்குவளையின் பெயரும் வருவது நமக்குப் புதிதல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலைநாடு பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம். வெளியேறச் சொல்லும்போது தேட நேரம் இருக்காது. கையில் பிள்ளை, தோளில் அந்தப் பை, அவ்வளவுதான். காகிதங்களைப் படம் பிடித்துக் குடும்பத்தில் இன்னொருவர் போனிலும் வைத்துவிடுங்கள்.

வெளிப்புறத்தையும் மறக்கக்கூடாது. 2017இல் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. நுளம்பு முட்டை தண்ணீரில் பொரித்துப் பறக்கத் தயாராக ஏறக்குறைய ஏழிலிருந்து பத்து நாள் எடுக்கும். பிறகு பார்ப்போம் என்று பின்பக்கம் போட்ட டயர், தயிர்ச்சட்டி, யோகட் கோப்பை, தேங்காய்ச் சிரட்டை, மடிந்து கிடக்கும் பொலித்தீன் எல்லாம் அதற்கு வீடு. ஆகவே வெளிப்புறத்தைக் கிழமைக்கு ஒருமுறை துப்புரவாக்குங்கள் என்பது யாரோ வசதிக்காகச் சொன்ன கணக்கல்ல. கிழமை தவறினால் நுளம்பு முந்திவிடும். பி.எச்.ஐ. வரும் நாளில் அவசரமாகக் கவிழ்த்து வைப்பதால் பயன் இல்லை.

இனிப் பழக்கம். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில், அல்லது மஃரிப் தொழுகை முடிந்ததும், பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் புதிதாக எதையும் பிரிக்க வேண்டாம், கழுவ வேண்டாம். வெளியே கிடப்பதை அதனதன் இடத்தில் வைத்தால் போதும். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு மூலை சொந்தம். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் செருப்பு வரிசை. தம்பிக்குப் பாடப் புத்தக ராக்கை. அப்பாவுக்குக் கருவிச் சுவரும் மிளகுச் சாக்கும். இதை அம்மாவின் தலையில் மட்டும் கட்டுகிற வீட்டில் ஒழுங்கு ஒரு மாதம்கூட நிற்காது. அவருக்குக் காய்ச்சல் வந்த அன்றே குலைந்துவிடும். ஐந்து எஸ் முறையின் அடிப்படையே மேலிருந்து கீழ்வரை எல்லோரும் கை வைப்பது. வைத்தியசாலையில் பணிப்பாளருக்கு உள்ள விதி வீட்டில் அப்பாவுக்கும் உண்டு.

கடையில் புதிதாக ராக்கையோ பெட்டியோ வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிரித்து முடிக்காமல் வாங்குகிற பெட்டி, வேண்டாத சாமானுக்குத்தான் வீடாகும். முதலில் பிரியுங்கள், மூன்று மாதம் பாருங்கள், பிறகும் போதவில்லை என்றால் வாங்குங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், இந்த ஞாயிற்றுக்கிழமை காகிதங்களில் தொடங்குங்கள். காலைச் சாப்பாடு முடிந்து பாயை விரித்தால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். பெயரில் பிழை கண்டால் தள்ளிப்போட வேண்டாம். திங்கட்கிழமை காலையிலேயே, பிறப்புச் சான்றிதழ் என்றால் பிரதேச செயலகத்துக்கும், சேமலாப நிதி என்றால் தொழில் அலுவலகத்துக்கும் அந்த ஃபைலோடு போய்விடுங்கள்.