முதல் துப்பாக்கி வாங்குமுன்

மதுரையை அடுத்த விளாங்குடியில் வயல்கள் சுருங்கி வீடுகள் பெருகிவிட்டன. அங்கே துப்பாக்கிக்கு வேலையில்லை. சிறுமலை அடிவாரத்தில் நிலக்கடலை, மக்காச்சோளம் பயிரிடுவோர் நிலை வேறு. பன்றிக் கூட்டம் ஒன்று புகுந்தால் ஓர் இரவில் பல மாத உழைப்பு போய்விடும். நாட்டுத் துப்பாக்கி ஒன்று வாங்கினால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் வருகிறது.

குழலின் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு, பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் தர 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் இடமுண்டு. விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மாநகரக் காவல் எல்லைக்குள் காவல் ஆணையரிடமும், வெளியே மாவட்ட ஆட்சியரிடமும் மனுச் செய்யவேண்டும். பாட்டனார் வைத்திருந்த துப்பாக்கியே ஆனாலும், உரிமமின்றி வீட்டில் இருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

உரிமம் கிடைத்தாலும் அது வேட்டைக்கு அனுமதி ஆகாது. இதை அறியாமல் வழக்கில் சிக்குவோர் உண்டு. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, பயிரை மேய்ந்தது என்பதற்காக மயிலைச் சுட முடியாது. பன்றிக்கு 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை சுடக்கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடுவது. அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடுவது. ஆகவே விவசாயிக்குத் துப்பாக்கி பெரும்பாலும் ஓசைக்குத்தான். ரவை போடாமல் மருந்தும் அடைப்பும் மட்டும் கெட்டித்தால் போதும். அப்போதும் ஆள் இருக்கும் பக்கம் நீட்டக்கூடாது, அடைப்பும் காயப்படுத்தும்.

அப்படியானால் எதை வாங்குவது? ரைபிளின் குழலுக்குள் திருகு வரிகள் உண்டு; ஒற்றைக் குண்டை வெகுதூரம் செலுத்தும். வயலுக்கு அது ஆகாது. உட்புறம் வழுவழுப்பான ஒற்றைக்குழல் துப்பாக்கி போதும். உரிமம் பெற்ற கடையிலேயே வாங்கவேண்டும். செய்தவர் பெயரும் எண்ணும் பொறிக்கப்படாததை விலை மலிவென்று தொடக்கூடாது. பழையதானால் குழலில் வீக்கம், வெடிப்பு, உள்ளே துருக்குழி உண்டா என்று பார்க்கவேண்டும். சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்தினால் அது நழுவாமல் நிற்கவேண்டும்.

கருமருந்து தவிர வேறெதுவும் போடலாகாது. தோட்டாவிலிருந்து எடுத்த புகையில்லா மருந்தும், தீக்குச்சி மருந்தும் குழலைப் பிளந்து கையைப் பறித்துவிடும்.

புதியவர் அதிகம் செய்யும் பிழை, கெட்டித்ததை மறந்து இன்னொரு முறை கெட்டிப்பது. இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. குழல் காலியாக இருக்கும்போது திணிக்கும் கம்பியை அடிவரை விட்டு, வாயருகே கம்பியில் ஒரு கோடு கீறிவைக்கவேண்டும். பிறகு எப்போது விட்டாலும் கோடு வெளியே நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது என்று பொருள். கேப் வெடித்தும் மருந்து பற்றாவிட்டால், குழலை வெட்டவெளிப் பக்கம் நீட்டியபடி ஒரு நிமிடமாவது காத்திருக்கவேண்டும். உடனே வாய்க்குள் எட்டிப் பார்க்கக்கூடாது.

சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, நன்கு உலர்த்தி எண்ணெய் தடவவேண்டும். கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும். வீட்டில் கேப் பொருத்தியபடி சுவரில் சாத்தி வைக்கலாகாது. மருந்தைத் தனியே, அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாத இடத்தில் பூட்டி வைக்கவேண்டும்.